எங்கள் வீட்டுக்குள் எழுந்த குலவை

நான் பால் சொசைட்டியில் டெஸ்டர். பதினாறு வருஷமாகத் தினமும் இரண்டு வேளை, "சாமி சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலத்தா" என்று சூடம் அணைக்காத குறையாகச் சொல்கிறவர்களின் பாலில் லாக்டோமீட்டரை மிதக்க விட்டு, அது காட்டுகிறதை மட்டும் நம்புகிற ஆள். பேய், முனி, காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால், "அதுக்கு எத்தனை டிகிரி காட்டுச்சு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அதனால் இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. இதையே வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் ராத்திரியில் இல்லை, சனிக்கிழமை பட்டப்பகல் மூன்று மணிக்கு.

எங்கள் ஊர் திருவரங்குளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். எனக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை, பெயர் சேகர். அப்போதெல்லாம் அவரை 'அவர்' என்றுதான் சொல்வேன், இப்போது 'அந்த ஆள்' என்கிறேன், அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சவூதியில் இருந்தவரை போனில் தங்கமாகப் பேசுவார். மொத்தமாகத் திரும்பி வந்த பிறகுதான் குடியும் அடியும். குழம்பில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி, உப்பு சரியாக இருந்தால் 'என்ன திமிராப் பாக்குற' என்று அடி. நான் கத்துவேன். கத்தினால் எதிர்வீட்டு சரசு அத்தாச்சி டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போவார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. வேறு வீட்டில் சத்தம் கேட்டபோது நானும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவள்தான். புருஷன் பொண்டாட்டி சண்டைக்குள் யார் போவது என்று எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் பழகியிருந்தது.

இதில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாக்கியம் அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். எங்கள் ஊரில் குலவை என்றால் அக்காதான். மாரியம்மன் கோயிலில் முளைப்பாரி தூக்கும்போது அத்தனை பெண்கள் நின்றாலும் 'பாக்கியம் எடுக்கட்டும்' என்று காத்திருப்பார்கள். நாக்கு எப்படித்தான் அப்படிச் சுழலுமோ, மூச்சே விடாமல் நீளமாகப் போய், முடிகிற இடத்தில் குரலை ஒரு சுண்டு சுண்டி மேலே ஏற்றி விடுவாள். அந்தச் சுண்டு வேறு யாருக்கும் வந்ததில்லை. எனக்கோ குலவையே வராது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, ஒருத்தி குலவை எடுத்தால் அது காதில் விழுந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து போட வேண்டும், ஒற்றைக் குலவையை அந்தரத்தில் விடக்கூடாது. வேலையாக இருந்தாலும் சரி, கை ஈரமாக இருந்தாலும் சரி, போட்டுக்கொண்டே வெளியே வருவார்கள்.

அக்காவை அரிமளம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயும் இதே கதைதான். ஒருநாள் உதடு வீங்கிப்போய், ஒரு கட்டைப் பையோடு வந்து நின்றாள். பத்து நாள் இருந்தாள். ஊர் வாய்க்குப் பயந்து அப்பாவும் அம்மாவும் தவித்தார்கள், கடைசியில் கொண்டுபோய் விட்டு வந்தது யார் தெரியுமா, நான்தான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி நானே தலையில் வைத்துவிட்டேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா, ஒனக்குன்னு ஒரு வீடு வேணும்ல" என்றேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அனுசரிப்பதைப் பற்றி எனக்கு என்ன எழவு தெரியும்? அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னா சரி மீனா" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. நாற்பது நாளில் செய்தி வந்தது. காய்ச்சல் என்றார்கள். முகத்தைக்கூட முழுதாகத் திறந்து காட்டவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, கனவில் வந்து என்னைத் திட்டினால்கூடப் போதும், அவள் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஏங்காத நாள் கிடையாது. கனவில்கூட வரவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். என் மகள் யாழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அக்கா செத்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள், பெரியம்மாவைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. பள்ளிக்கூடம் லீவு. நான் சாயங்காலப் பாலுக்குக் கிளம்ப வேண்டும், சேலையை மாற்றிக்கொண்டு நிற்கிறேன், அந்த ஆள் மத்தியானமே ஏற்றிக்கொண்டு வந்தார். 'எவனைப் பார்க்கச் சேலை மாத்துற' என்று ஆரம்பித்தார். முதல் அடி காதோடு விழுந்தது. எப்போதும் அடி விழும்போது யாழினி அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள், அது நானே சொல்லிக்கொடுத்தது, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அவள் போகவில்லை. நடுவில் வந்து நின்றாள்.

"அம்மாவ அடிக்காதீங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஆள் அதுவரை பிள்ளை மேல் கை வைத்ததில்லை, அந்த ஒன்றை நம்பித்தான் நான் அத்தனையையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார். இன்னொரு கையால் பிள்ளையின் சடையைச் சுருட்டிப் பிடித்தார். யாழினி கத்தவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. இன்றைக்கு இவள் அடி வாங்கினால் நாளைக்கு இவளே பழகிவிடுவாள், பிறகு ஒருநாள் இவளையும் யாராவது பஸ்ஸில் ஏற்றிப் பூ வைத்து அனுப்புவார்கள்.

அப்போதுதான் குலவை எழுந்தது.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். அடுப்படி வாசலில் நான் நிற்கிறேன், வீடே அதிர்கிற மாதிரி ஒரு குலவை, நீளமாக, மூச்சு விடாமல் போய், கடைசியில் அந்தச் சுண்டு. அந்த ஆள் ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தொண்டையெல்லாம் தீயாக எரிந்தது. அது அடங்குவதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு குலவை, எதிர்வீட்டில் ஒன்று, தெருக்கோடியில் ஒன்று. நூறு நாள் வேலை முடிந்து திரும்புகிற நேரம் அது, மண்வெட்டியும் சட்டியுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அப்படியே அதை வாங்கிப் போட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்குள்தான் நான் நடந்து போய்ப் பெல்ட் பிடித்திருந்த கையைப் பிடித்தேன். தினமும் நாற்பது லிட்டர் கேனைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற கை இது. இந்தக் கையை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் அடி வாங்கினேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. மணிக்கட்டை முறுக்கினேன், பெல்ட் கீழே விழுந்தது.

"பிள்ளைய விடுங்க" என்றேன்.

"ஏய், கைய எடுடி."

"விடுறா" என்றேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை. சடையை விட்டுவிட்டார்.

இதற்குள் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்கிறீர்கள், வாயெல்லாம் பல்லாக வந்தார்கள். திடீரென்று ஒரு வீட்டில் குலவைச் சத்தம், அந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் என்றால் என்ன நினைப்பார்கள்? சரசு அத்தாச்சி கையில் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்து, "யாழினி பெரிய மனுசி ஆயிட்டாளா? எங்கிட்டு உக்கார வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் தரையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார், அவிழ்ந்து கிடந்த சடையைப் பார்த்தார், என் காதிலிருந்து வடிந்ததைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்தினார்கள். கத்தினபோதெல்லாம் வராதவர்கள், இப்போது வந்து பார்த்துவிட்டார்கள், பார்க்காத மாதிரி திரும்பிப் போக முடியவில்லை.

நூறு நாள் வேலைக்குப் போகிற பொன்னழகு அயித்தைதான் முதலில் வாயைத் திறந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே, "சேகரு, வெளிய வாப்பா" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். யாரும் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. வழிவிட்டு நின்றார்கள், அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து போனார். அன்றைக்கே நான் மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன், என்னோடு வேனில் பதினொரு பேர் வந்தார்கள். அந்த ஆள் இப்போது திருப்பூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். சமாதானம் பேச இரண்டு முறை ஆள் விட்டார், 'அனுசரிச்சுப் போ' என்று வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதுவரை சொன்னதில் அமானுஷ்யம் எங்கே என்று கேட்பீர்கள். அன்று அந்த ஆள் போன பிறகு எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். சரசு அத்தாச்சி கேட்டார்:

"ஆமா, குலவை யாருத்தா எடுத்தது?"

"நான்தான் அத்தாச்சி."

"நீயா? ஒனக்கு எங்க குலவ வரும்?"

பொன்னழகு அயித்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கேட்டப்பவே பொசுக்குன்னு ஆயிப்போச்சுடி. அது பாக்கியம் கொரலு" என்றார். ஒருத்தரும் மறுக்கவில்லை. நான் அப்போதுதான் அழுதேன், அடி வாங்கியதற்கு இல்லை.

சரி, பயத்தில் எனக்குள் இருந்த எதுவோ கிளம்பிவிட்டது, கூடப் பிறந்தவள்தானே, குரல் ஒத்துப்போயிருக்கும் என்று என் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆசை விடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு எத்தனையோ நாள் முயற்சி செய்தேன். பால் சொசைட்டியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காலிக் கேனுக்குள் வாயை வைத்துக்கூடப் போட்டுப் பார்த்தேன், இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். பழையபடி காற்றுதான் வருகிறது. அக்கா குரல் எனக்குள் இருந்ததென்றால் இன்னொரு தடவை வரலாமில்லையா, ஒரு தடவை, எனக்குக் கேட்பதற்காகவாவது.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினிக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். டிவியில் ஏதோ கோயில் திருவிழா, பெண்கள் குலவை போட்டார்கள். "அன்னைக்கு நான் போட்டனே, அதுல பாதிகூட இல்ல" என்று பெருமையாகச் சொன்னேன். பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ எங்கம்மா போட்ட?"

"என்னடி பேசுற? நான்தானே போட்டேன்."

"ஒன் வாய் மூடித்தாம்மா இருந்துச்சு. நான் ஒன்னையேதானே பாத்துக்கிட்டு இருந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்ன. சத்தம் ஒனக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு மூன்று நாள் தொண்டை கட்டியிருந்ததே, அது எதனால் என்று இன்றுவரை தெரியவில்லை. "இத்தன நாளா ஏன்டி சொல்லல?" என்றேன். "நீ கேக்கலையேம்மா" என்றாள். பெரியம்மாவைப் பார்த்தாயா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அடுப்படிக்குள் இருட்டாக இருந்தது என்று அவளே சொன்னாள்.

பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவள். என்ன கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை, விளங்க வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை. என்னைத் தூங்க விடாமல் செய்வது வேறு. பஸ்ஸில் ஏற்றி நான் அனுப்பிவைத்த அக்கா, என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றிருக்கிறாள். நான் அந்த ஆளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.