எழுத்தில்லாத பொத்தான்கள்

அந்த போனை நீங்களும் வைத்திருந்திருப்பீர்கள். இல்லையென்றால் வைத்திருந்த யாரையாவது பார்த்து வயிறெரிந்திருப்பீர்கள். கைக்கு அடக்கமாக, கறுப்பாக, பாதி உடம்பு திரையும் பாதி உடம்பு பொத்தானுமாக இருக்குமே, அதுதான். பெரிய பதவியில் இருந்தவர்கள் எல்லாம் அதை மேசைமேல் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் வாயையே திறப்பார்கள். குனிந்து பார்க்காமல் கட்டைவிரலாலேயே அதில் கடகடவென்று எழுதத் தெரிந்தவன் பெரிய ஆள். அந்தப் பொத்தான்களில் பாதிக்கு மேல் எங்கள் அக்காவின் விரல் பட்டுத்தான் ஊருக்குள் போயிருக்கும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரி. வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கழிப்பறை எங்கே என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். அன்றிலிருந்து அக்கா. அவள் வீட்டுக்காரர் எனக்கு மாமா. கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் அவர்தான்.

அக்காவுக்குப் பொத்தான் சோதிக்கிற வேலை. பொத்தான் தட்டு அவளிடம் வரும்போது எழுத்தே இருக்காது, மொட்டையாக வரும். மேல் வரிசையில் ஆரம்பித்து இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்துவாள். ஒன்று சிக்கினாலும் தட்டு குப்பைக்குப் போகும். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் மேசை நடுவில் இருக்கிற பச்சைப் பொத்தானை ஒரு அழுத்து. அதற்குப் பெயர் பாஸ். பாஸான தட்டுதான் என் மேசைக்கு வரும். நான் அதை லேசர் மெஷினில் வைத்து எழுத்துப் பொறிப்பேன். ஒடிந்துபோகிற பொத்தானுக்கு எழுத்து எதற்கு என்பது கம்பெனியின் சிக்கனம்.

அதனால் நடந்த வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே பொத்தான் அழுத்திப் பார்த்த அக்காவுக்கு அந்த போனில் ஒரு வரி எழுதத் தெரியாது. வந்ததைப் படிப்பாள், அவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் போன் போட்டுப் பேசிவிடுவாள். அவளுக்குப் பொத்தான் என்றால் இடம்தான். "ரெண்டாவது வரிசை, வலது ஓரம், கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்பாள். அது என்ன எழுத்து என்று கேட்டால், "அது உன் டிபார்ட்மென்ட், என்னை எதுக்குடி கேக்கற?" என்று சிரிப்பாள்.

அந்த வேலை அவள் உடம்பிலேயே ஊறிப்போய்விட்டது. தூக்கத்தில்கூட மாமாவின் முதுகில் வரிசையாகத் தட்டிக்கொண்டிருப்பாளாம். அவர் விழித்துக்கொண்டு, "செக்கிங் மேடம், நான் பாஸா ஃபெயிலா?" என்பார். இவள் அரைத்தூக்கத்திலேயே முதுகு நடுவில் ஒரு அழுத்து அழுத்துவாள். மறுநாள் காலை பஸ்ஸில் எங்கள் எல்லோரிடமும், "நான் நேத்தும் பாஸ்" என்று அறிவித்துவிட்டுத்தான் மனுஷன் கியர் போடுவார். அக்கா வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பிறகு கண்ணாடி போன் வந்தது. பொத்தானே இல்லை, தடவினால் போதும். எங்கள் மேனேஜர் எங்களை நிற்க வைத்துப் பேசினார். "கண்ணாடியத் தடவறதெல்லாம் ரெண்டு நாள் கூத்து. எழுதணும்னா நம்மகிட்டதான் வருவாங்க." நாங்கள் கை தட்டினோம். அவர் சட்டைப்பையில் அப்போதே ஒரு கண்ணாடி போன் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் திரும்பி வரவில்லை. கம்பெனியும் பயந்துபோய்த் தானும் ஒரு கண்ணாடி போன் செய்து பார்த்தது. வாங்கியவர்கள் காறித் துப்பாத குறை. முதலில் மாமாவின் பஸ் நின்றது. அப்புறம் ராத்திரி ஷிஃப்ட். கடைசியில் ஆளுக்கொரு போனைக் கையில் கொடுத்து எங்களையும் அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்று ஆளாளுக்கு அழுதோம். அக்கா மட்டும் தன் போனைப் பெட்டியிலிருந்து எடுத்து, வரிசையாக அழுத்திப் பார்த்து, "எல்லாம் சரியாத்தாண்டி இருக்கு. அப்புறம் ஏன் மூடறாங்க?" என்று கேட்டாள். 

மாமா வாடகை வேன் ஓட்டினார். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்ன ஆரம்பித்ததும் அதுவும் போனது. உருவம் நிழலாகத்தான் தெரியும், ஆனால் வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி கூசும் என்பார். அப்புறம் ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். வலது பக்கமும் பேச்சும் ஒரேயடியாகப் போய்விட்டன.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மாமா இடது கையை மெத்தையில் துழாவிக்கொண்டே இருந்தார். என்ன தேடுகிறார் என்று அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. கம்பெனி கொடுத்த அவருடைய பழைய பொத்தான் போனைக் கொடுத்தாள். பார்க்காமலேயே, கட்டைவிரலால் தடவித் தடவி, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி அடித்தார். "செக்கிங் மேடம், பீஸ் டேமேஜ்." அக்கா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். சிரித்து முடித்துவிட்டு அவர் காலடியில் தலையை வைத்து அழுதாள்.

அதற்கப்புறம் அந்த போன்தான் மாமாவின் வாய். தண்ணீர் கேட்பது, திட்டுவது, கேலி செய்வது எல்லாம் அதில்தான். பொத்தான் தேய்ந்தால் அக்கா தன்னுடையதிலிருந்து அதே இடத்துப் பொத்தானைக் கழற்றிப் போட்டாள். அது தீர்ந்ததும் என்னுடையதை வாங்கிக்கொண்டாள். பழைய ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்காத குறையாகக் கேட்டு வாங்கி வந்தாள். நான் மகள் பிரசவத்துக்காக வேறு ஊர் போனபோது கடைசி போன் ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கே இருக்கும்போதே அதுவும் போய்விட்டது. ரிப்பேர் கடையில், "இதைக் கொண்டுபோய் மியூசியத்துல வைங்கம்மா" என்றானாம். அவன் நாக்கில் புண் வர.

கண்ணாடி போன் ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். விரலுக்குத் தட்டுப்பட அதில் ஒன்றுமில்லையே. மாமா தடவினார், விரல் வழுக்கியது, திரை முழுக்கக் குப்பையாக வந்தது. தள்ளிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடியபடி படுத்தே கிடந்தார்.

பேரன் பிறந்து, மகள் எழுந்து நடமாடிய பிறகு ஊர் திரும்பினேன். அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தச் சின்ன அறை பளீரென்று இருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே டியூப்லைட், புதுசு.

"மாமா கண்ணு மங்கிட்டே போகுதுல்ல, இனிமே கூசவா போகுது? இருட்டுல கெடந்தா பயந்துடுவாரு. ராத்திரி பகல் நான் அணைக்கிறதே இல்ல" என்றாள். சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

மாமாவின் இடது கை போர்வைமேல் அசையாமல் கிடந்தது. அதைத் தொட்டேன். ஏதோ துணியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"இப்பதான் அடங்கிக் கெடக்கு. போன் போனப்புறம் இந்தக் கை படுத்தின பாடு இருக்கே! என் உள்ளங்கைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அழுத்துவாரு. நான் அந்தக் காலத்துல முதுகுல தட்டினதை எனக்கே செஞ்சு காட்டறாருன்னு நெனச்சேன். சிரிப்பா வரும். நானும் அவர் கை நடுவுல ஒரு அழுத்து அழுத்தி, பாஸ் போங்கன்னு சொல்லுவேன். கொஞ்ச நாள்ல ரொம்ப வேகமா அழுத்த ஆரம்பிச்சாரு. நகம் பட்டு ரத்தமே வந்துடுச்சு. டாக்டர் பாத்துட்டு இது நடுக்கம்னாரு. புத்தியும் கலங்கிடுச்சாம். மாத்திரை குடுத்தாரு. இப்ப ஆடறதே இல்ல."

"எப்படி அழுத்துவாரு?"

அவள் என் உள்ளங்கையைப் பிடித்து, தன் கட்டைவிரலால் செய்து காட்டினாள். அந்த விரல் ஒரு இடத்தை ஒருமுறை தொட்டால் மறக்காது. நடு வரிசையில் வலது ஓரம். மேலே ஒன்று. நடுவில் அடுத்தடுத்து இரண்டு. மறுபடி மேலே. ஒரு நிறுத்தம். மேல் வரிசையில் வலப்பக்கம். அப்புறம் நடு வரிசைக்கு வந்து ஒரே இடத்தில் இரண்டு தடவை.

"இன்னொரு தடவை செய்" என்றேன். செய்தாள். அதே இடங்கள், அதே நிறுத்தம், கடைசியில் அதே இரண்டு. நான் ஆயிரமாயிரம் தட்டுகளில் எழுத்துப் பொறித்தவள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நீங்கள் நினைக்கலாம். கட்டிலில் ஒரு மனுஷன் கண்ணை இறுக்கிக்கொண்டு படுத்திருக்கும்போது எப்படிச் சொல்லாமல் இருப்பது?

"அக்கா, அது நடுக்கம் இல்ல. எழுத்து. லைட் ஆஃப்னு அடிச்சிருக்காரு."

"என்னது?"

"லைட்ட ஆஃப் பண்ணச் சொல்லியிருக்காரு."

அவள் மேலே பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினாள். அறை மங்கியது. மாமாவின் நெற்றிச் சுருக்கம், எல்லோரும் வியாதி என்று நினைத்திருந்த அந்தச் சுருக்கம், மெல்ல மெல்லப் பிரிந்தது. கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஒருமுறை நீளமாக வெளியே வந்தது.

அக்கா சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் பாஸ்னு அழுத்தினேனேடி" என்றாள். "கண்ணு எரியுதுன்னு அவரு கெஞ்சக் கெஞ்ச, பாஸ் பாஸ்னு அழுத்தினேனே. சிரிச்சுக்கிட்டே அழுத்தினேனே."

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். கைக்கு அசைவு திரும்பவில்லை. உள்ளே இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம். அவருக்கு வாய் இருக்கிறது, சொல்கிறார்.

அக்கா என்னிடம் எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். இடமெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர் மட்டும்தான் பாக்கி. சீக்கிரமே பிடித்துவிட்டாள். அதற்கப்புறம் மாமா இருந்த நாள்வரை, பொழுது சாய்ந்ததும் அந்த விளக்கில்லாத அறையில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். உள்ளங்கையில் எதையோ அடித்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் என் கையை நீட்டி, "எனக்கும் அடிச்சுக் காட்டுக்கா" என்றேன். தயங்கினாள். பிறகு மெதுவாக அடித்தாள். படித்தேன். "ஆஃப் பண்ணிட்டேன்."

அவ்வளவுதான் செய்தி. அடித்து முடித்துவிட்டு அவள் திரும்பவும் மாமாவின் பக்கம் நகர்ந்தாள். தன் உள்ளங்கையை விரித்து, நடுப்பகுதி சரியாக அவர் கட்டைவிரலுக்குக் கீழே வருகிற மாதிரி வைத்தாள். அந்த ஒரு அழுத்துக்காக, இருட்டும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.