கேட்டில் டில்லிபாபு போட்ட வேகம்

டில்லிபாபு அண்ணன் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்ல வாய்ப்பு வராது.

காலடிப்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கண்டெய்னர் யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளையும் அங்கிருந்து வருகிற பெட்டிகளையும் இறக்கி அடுக்கி வைக்கும் இடம்தான் யார்டு. எந்த லாரி எந்தப் பெட்டியோடு வந்தது, பெட்டி எந்த வரிசையில் கிடக்கிறது, எப்போது வெளியே போனது, எல்லாம் நாங்கள் எழுதியதில்தான் ஓடும். முதலாளி சௌக்கத் அலி பாய். நான் சாபிரா. யார்டுகளிலிருந்து வரும் போனை எடுத்து, அவர்கள் திட்டுவதை வாங்கிக்கொண்டு, யார் சரிசெய்ய வேண்டுமோ அவர் பக்கம் தள்ளிவிடுவது என் வேலை. ராயபுரத்தில் வளர்ந்தவளுக்குத் திட்டு ஒரு விஷயமே இல்லை.

டில்லிபாபு அண்ணன் நெட்டுக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து கம்ப்யூட்டர் படித்தவர். ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து எந்தப் போன் வந்தாலும், "டில்லிய கூப்டு" என்பதுதான் பேச்சு. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். "நான் இல்லாங்காட்டி இந்த ஆபீஸு நாறிடும்" என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் அவருக்கு இருந்த சுகம் எனக்குத் தெரியும். ஒரு நாள் யாரும் கூப்பிடாவிட்டால் அவரே வந்து, "இன்னா சாபிரா, போன் கீன் எதுனா ரிப்பேரா?" என்று கேட்பார்.

பிறகு மகிழினி வந்தாள். வியாசர்பாடிப் பெண். சாயங்காலம் ஃபுட்பால் ஆடப் போய்விடுவாள், அதனால் மணி அடித்த மாதிரி எழுந்துவிடுவாள். பேச்சில் பவ்யம் கிடையாது. பெரியவர், சின்னவர் பார்க்காமல், "இது வேஸ்ட்டு", "இத்த வுட்டுடலாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். அவள் வந்து உட்கார்ந்தது எனக்கு இடப்பக்கம். டில்லிபாபு அண்ணன் வலப்பக்கம். அதனால் நடந்ததெல்லாம் என் தலைக்கு மேலேயே நடந்தது.

எண்ணூர் பக்கத்தில் எங்களிடம் வேலை கொடுத்திருந்த ஒரு யார்டு உண்டு. அதன் மேனேஜர் தங்கப்பாண்டி. ஒரு நாள் அவர் போன் செய்து, கேட்டில் லாரிக்கு அனுமதிச் சீட்டு அச்சாகி வருவதற்குள் டிரைவருக்குத் தாடி வளர்ந்துவிடுகிறது என்றார். டில்லிபாபு அண்ணன் அன்றே முடிவு கட்டிவிட்டார். பழைய புரோகிராம் கோடு எல்லாம் கலீஜ், அடியிலிருந்து எழுத வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்று பாயிடம் சொன்னார். மகிழினி, "இருங்கண்ணா, நேரம் எங்க போவுதுன்னு மொதல்ல பாக்கலாம்" என்றாள். பார்த்தால், சீட்டு அச்சாகும்போது அதன் மூலையில் யார்டின் முத்திரைப் படம் ஒன்று வரும். யாரோ அதைச் சுவரில் ஒட்டுகிற அளவுக்குப் பெரிய படமாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் அந்தப் படம் முழுசாக வந்து இறங்கியது. அவள் படத்தைச் சின்னதாக்கினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது.

பாய் அன்று எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார். டில்லிபாபு அண்ணன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அது எரிந்துகொண்டிருந்தது என்பது உண்மைதான். "போட்டோவ சின்னதாக்கறது ஒரு வேலையா சாபிரா? என் பையன் செய்வான்" என்று என் காதோரம் சொன்னார். பையன் செய்திருக்கலாம், ஆனால் அங்கே பார்க்க வேண்டும் என்று பையனுக்குத் தோன்றியிருக்காது. இதை நான் சொல்லவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் போன் பண்ணுகிறவர்கள், "அந்தப் பொண்ணு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் ரிசீவரை இடப்பக்கம் நீட்டும்போதெல்லாம் வலப்பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடும். ஒருநாள் அவர் மனைவி அம்மு எனக்குப் போன் செய்தாள்.

"சாபிரா, அந்த மகிழினி பாக்க எப்டி கீறா? லட்சணமா கீறாளா?"

"ஏங்க்கா?"

"வூட்டுக்கு வந்தா அவ பேச்சுதான். துன்னும்போது மகிழினி, படுக்கும்போது மகிழினி. இன்னா விஷயம்னு கேட்டா பாயுறாரு."

"காதல் கீதல் இல்லக்கா. பொறாமை."

"அய்ய, அவ்ளோதானா" என்று நிம்மதியாக வைத்துவிட்டாள். காதலாக இருந்தால் சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இந்த நேரத்தில்தான் மீஞ்சூர் பேச்சு வந்தது. தங்கப்பாண்டியின் கம்பெனி அங்கே இன்னும் பெரிய யார்டு ஒன்று திறக்கப் போகிறது. சாஃப்ட்வேர் வேலை முழுக்க எங்களுக்குத்தான், ஆனால் எங்களில் ஒருவர் அங்கேயே பொறுப்பாக இருக்க வேண்டும். யாரை அனுப்புவது என்று பாய் சொல்லவில்லை. டில்லிபாபு அண்ணன் தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு மீஞ்சூருக்கு எத்தனை ரயில் இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார். பிறகு பாய் ஒரு நாள் மகிழினியிடம், "மீஞ்சூர் தூரமாம்மா உனக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அன்று முதல் மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட வேண்டும் என்று தேடியவரின் கண்ணில் பட்டது கேட் திரை. சீட்டுப் படம் சரியான பிறகும் அது கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது. கேட்டில் உட்கார்ந்திருப்பவர் பெட்டி நம்பரை அடித்துவிட்டு ஒரு வாய் டீ குடிப்பார். அதற்குள் திரையில் விவரம் வந்துவிடும். லாரி உள்ளே போகும். யாரும் புகார் சொல்லவில்லை. இதைக் கண் மூடித் திறப்பதற்குள் வரவைக்கிறேன் என்றார் டில்லிபாபு அண்ணன்.

"அத்த வுட்டுடுங்கண்ணா" என்றாள் மகிழினி. "நான் போய் பாத்துட்டு வந்தேன். உள்ள பெட்டி தூக்கற மெஷினு ஒண்ணே ஒண்ணுதான் கீது. அது ஒரு லாரிய முடிச்சாதான் அடுத்தது. கேட்ட வேகமாக்கி இன்னா ஆவப்போவுது? அவங்க இன்னொரு மெஷினு வாங்கினா அப்பால செய்யலாம்."

"உனக்கு எல்லாந்தான் வேஸ்ட்டு" என்றார் அவர். பிறகு என் பக்கம் சாய்ந்து, "நான் பேர் வாங்கிடுவேன்னு பயப்படுது" என்றார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவர் காதில் போய்ச் சேரவில்லை. பொறாமை பிடித்தவனுக்கு எதிராளி சொல்கிற எல்லாமே தன்னைத் தடுக்கச் சொல்வதாகத்தான் கேட்கும்.

வாரக்கணக்கில் எழுதினார். டீக்குக் கீழே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். கோடு எனக்குப் புரியாது, ஆனால் சோதித்துக் காட்டினார். நம்பரின் கடைசி எழுத்தை அடித்துக் கையை எடுப்பதற்குள் லாரி, பெட்டி, வரிசை எல்லாம் திரையில் வந்து நின்றன. அழகாகத்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் அதை யார்டில் போட்டுவிட்டு, போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

போன் வந்தது. தங்கப்பாண்டி. அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நடந்தது இதுதான். யார்டுக்கு வெளியே சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும். அங்கே நின்றால் போலீஸ் எப்போது வந்து அபராதம் போடும் என்று தெரியாது. அதனால் கேட் விட்டால் எந்த டிரைவரும் யோசிக்க மாட்டார், உள்ளே ஏற்றிவிடுவார். முன்பெல்லாம் அந்த ஒரு வாய் டீ நேரம்தான் லாரிகளை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு உள்ளே அனுப்பியது. அன்று அது இல்லை. வரிசை மொத்தமும் தடதடவென்று உள்ளே போய்விட்டது. ஒற்றை மெஷின் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும், திரும்ப இடமில்லை. முன்னால் லாரி, பின்னால் லாரி. அவ்வளவு நீள வண்டிகளைப் பின்னால் எடுக்கவும் வழியில்லை. மெஷின் ஆபரேட்டர் பெட்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாராம். டிரைவர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவிட்டார்கள்.

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் பார்த்தேன். டில்லிபாபு அண்ணனின் முகம் சுண்டிப்போயிருந்தது. "கேட்ல உங்களுத போட்டுட்டீங்களாண்ணா?" என்று மகிழினி கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, "நாங்கதான் சார் போட்டோம். இதோ எடுத்துடறேன். ஒரு மணி நேரம் யாரையும் உள்ள வுடாதீங்க" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கத்தியது. அவள் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள். பழையதைத் திரும்பப் போட்டாள். யார்டு சிக்கல் விட்டு நேராகச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"நீ ஏன் நாங்கன்னு சொன்ன?" என்று அவர் கேட்டார். நன்றி சொல்கிற குரல் இல்லை.

"யாரு போட்டா, ஏன் போட்டான்னு பேசிகினு இருந்தா ஏழு மணி ஆயிடும். எனக்கு மேட்ச் கீது" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "கோடு செமயா எழுதிகீறீங்கண்ணா. தூக்கிப் போட்டுடாதீங்க, வேலைக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பாராட்டியதை விட அறைந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

யார்டில் எல்லாரும் அதை மகிழினி போட்டதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பேசியது அவள் குரல்தானே. டில்லிபாபு அண்ணன் மறுக்கவில்லை. அந்தச் சமயத்தில் அது அவருக்கு வசதியாக இருந்தது.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது தங்கப்பாண்டி இரண்டாவது மெஷின் வாங்கினார். இப்போது உள்ளே இரண்டு மெஷினும் லாரிக்காகக் காத்து நின்றன, கேட்தான் மெதுவாக இருந்தது. மகிழினி நாற்காலியைத் திருப்பி, "டில்லிண்ணா, இப்ப உங்களுது போடலாம்" என்றாள். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல ஆசை. சொன்னால் தான் எழுதியதையே தான் புதைத்த மாதிரி ஆகும். எடுத்துக் கொடுத்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் அவள் யார்டில் போட்டாள். லாரிகள் வந்த வேகத்தில் உள்ளே போய், இறக்கி, வெளியே வந்தன.

அந்த வாரமே தங்கப்பாண்டி ஒரு பெட்டி பாதுஷாவோடு எங்கள் மாடி ஏறி வந்தார். நேராக மகிழினியின் மேஜையில் வைத்தார். பாயும் உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"நீ போட்டது பறக்குதும்மா" என்றார் தங்கப்பாண்டி.

"நான் எழுதல சார். டில்லிண்ணா எழுதினது."

தங்கப்பாண்டி சிரித்தார். "பாத்தீங்களா பாய். அன்னிக்கி யார்டு மாட்டிகினப்போ தைரியமா நாங்கதான்னு ஒத்துகிச்சு. இன்னிக்கி நல்லது நடந்தா அடுத்தவங்களுக்குத் தள்ளிவுடுது. இப்டி ஒரு பொண்ண எங்க பாக்கறது?" பாய் பெருமையாகத் தலையாட்டினார்.

நான் டில்லிபாபு அண்ணனைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மீஞ்சூர் இன்னும் முடிவாகவில்லை. பழைய ஆள் என்ற பாசம் பாய்க்கு உண்டு, மனசு எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். ஆனால் அவரால் பொறுக்க முடியவில்லை. போன்கள் அவள் பக்கம் போயின, பேர் போயிற்று, எழுதிய கோடும் போயிற்று. இப்போது அவர் செய்த தப்பைக்கூட அவளுக்கே கொடுத்து, அதற்கும் அவளையே புகழ்கிறார்கள்.

எழுந்து நின்றார். "அன்னிக்கி யார்டு மாட்டிகினது என்னால சார். அத்த போட்டது நான். இதுவும் நான் எழுதினது. ரெண்டும் என்னுது."

தங்கப்பாண்டியின் சிரிப்பு நின்றது. "ரெண்டும் ஒரே கோடா?"

"ஒரே கோடுதான். ஒரு எழுத்து மாத்தல." அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"அப்ப அன்னிக்கி போட வேணாம்னு யாரும் சொல்லலியா?"

மகிழினி பாதுஷா பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்பது தெரிந்தது. நானும் திறக்கவில்லை. கேள்வி அவருக்கானது.

"சொன்னாங்க" என்றார்.

"யாரு?"

டில்லிபாபு அண்ணன் கையை அவள் பக்கம் நீட்டினார். "இதுதான்."

"மீஞ்சூருக்கு இந்தப் பொண்ணையே அனுப்பிடுங்க பாய்" என்றார் தங்கப்பாண்டி. கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு நேரான மாதிரி சொன்னார். பாய் சரி என்றார்.

டில்லிபாபு அண்ணன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் தலைக்கு மேலாக அவளைப் பார்த்து, "எப்ப போற?" என்று கேட்டார். அதில் வாழ்த்து எதுவும் இல்லை.