மாட்டாஸ்பத்திரி ஸ்கூல்

பத்தாவது வரை நான் படித்தது ஆவடிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில். வாசல் வளைவில் ஒரு தேசத் தலைவரின் பெயர் பெரிதாக இருக்கும். ஊரே அந்தப் பெயரைச் சொல்லித்தான் பள்ளியைக் குறிப்பிடும், என் அம்மா ஒருத்தியைத் தவிர. அவளுக்கு அது மாட்டாஸ்பத்திரி ஸ்கூல். பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. தாத்தா அந்தத் தலைவர் மேல் உயிரையே வைத்திருந்தவர். அப்பாவுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார். கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்வதா என்பது அம்மாவின் கட்சி. அவள் சொல்லாத பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அம்பத்தூரில் பிளஸ் ஒன் சேரப் போன நாள் வரை. பயாலஜி குரூப் கிடைத்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்பது என் கனவு. அதில் ஒன்றிரண்டு இடம்தான் பாக்கி. அப்பாவுக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை, அம்மா வந்தாள். அந்த வருஷம் யாரோ ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூட்டிவந்து மாட்டிக்கொண்டிருந்தாள். அதனால் தலைமை ஆசிரியை எல்லா அம்மாக்களையும் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். நான் வாய் திறந்ததும், "நீ சும்மா இரு, அவங்க சொல்லட்டும்" என்றார்.

"பொண்ணோட அப்பா பேர் என்னம்மா?"

"அவ பட்ச்ச இஸ்கூலு பேருதாங்க டீச்சர்."

"எந்த ஸ்கூல்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அவங்க அப்பா பேர்ல கீது பாருங்க, அதான்."

இன்றைக்குச் சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

தலைமை ஆசிரியை பேனாவை மூடினார். "பெத்த அம்மாவுக்கு இதுகூடவா தெரியாது? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. சீட் இருந்தா பார்க்கலாம்."

வெளியே வராந்தா முழுக்க வரிசை நின்றது. நாளைக்கு சீட் இருக்காது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். அப்பாவின் பெயரைச் சொன்னாள், இனிஷியலோடு. சத்தம் அதிகமாகிவிட்டது, மூலையில் இருந்த கிளார்க்கூட நிமிர்ந்து பார்த்தார். உடனே தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைமை ஆசிரியைக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் அம்மா ஏதோ திருடிவிட்டு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் மேல் ஆத்திரப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா ஷிஃப்டு முடிந்து வந்தார். அம்மா உப்புமாத் தட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "இன்னிக்கு பேர சொல்ட்டேன். வேற வழி தெரில."

திட்டுவார் என்று பயந்தேன்.

"கண்ணாலம் ஆயி பதினேழு வருசம் ஆவுது" என்றார் அப்பா. "யாரோ டீச்சரம்மா கேட்டுட்டாங்க. நான் இன்னும் காதால கேக்கல. ஒரு தபா சொல்லேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தட்டில் கை வைக்காமல் காத்திருந்தார். உப்புமா ஆறிக்கொண்டிருந்தது.

"மாட்டாஸ்பத்திரி" என்றாள் கடைசியில்.

"இன்னா?" என்றார் அப்பா, பெயர் சொல்லிக் கூப்பிட்டவளுக்குக் குரல் கொடுப்பதுபோல.