ஐந்தாவது காப்பு

எனக்கு எண்பத்து மூன்று வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டில் ஒன்றுகூடப் போலீசு வாசலை மிதித்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் மலையில் சந்தன மரம் சர்க்காருடையது. வெட்டினாலும் குற்றம், சுமந்தாலும் குற்றம். அந்த வருஷம் ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஏறி வந்து, வயசுப் பையன்களைக் கட்டை சுமக்கக் கூப்பிட்டான். ஆளுக்கொரு டெர்லின் சட்டை தருகிறானாம். என் பெரிய மகனுக்கு அப்போது பதினாறு. அவனும் கூட்டாளிகள் மூவரும் சரி என்றுவிட்டார்கள்.

"இன்னாடா, சட்டைக்கு ஜெயிலுக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"உனுக்கு இன்னாம்மா தெரியும்? ஒரே நடை. போய்ட்டு வந்துர்றேன்."

என்னைவிட ஒரு சாண் உயரமானவனை அடிக்கவா முடியும்?

மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. காப்பு என்று மஞ்சள் நூலைக் கையில் கட்டிக்கொண்டால், எட்டாம் நாள் அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் குடும்பம் நடத்துகிற ஆம்பளைகளுக்குத்தான் கட்டுவார்கள். நான் ஊர்க்கவுண்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, நாலு பையன்களுக்கும் கட்டச் சொன்னேன்.

"கட்டிக்கினு எல்லையத் தாண்டிட்டா ஊருக்கே ஆவாது. யாரும்மா ஜவாப்பு?"

"நான்தாங்க."

"அப்ப நீயும் கட்டிக்க. பொங்கல் வைக்கிற பொம்பளன்னு சொல்லிக்கலாம்."

எல்லைக்கு வெளியே, சந்தவாசலில் வாழ்க்கைப்பட்ட என் மூத்த மகளுக்கு அது நிறைமாதம், தலைப்பிரசவம். அப்படியும் கையை நீட்டினேன்.

பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே தங்களைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்தார்கள். மூன்றாம் நாள் அந்த ஆள் எல்லை ஓடைக்கு அக்கரையில் வந்து நின்றான். நான் இக்கரையில் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். என் மகன் போய்க் கையைத் தூக்கிக் காட்டினான்.

"சாமி காரியத்துல இருக்கோம்ங்க."

"நூலுக்குப் பயப்படறியே, நீயெல்லாம் ஆம்பளயா? அவுத்துப் போட்டுட்டு வாடா!"

மகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பெரியவங்களோட சேத்து எங்களுக்கும் கட்டியிருக்காங்க. அவுக்க மாட்டேன்," என்று சொல்லித் திரும்பினான்.

அந்த ஆள் வேறு ஊர்ப் பையன்களைக் கூட்டிப்போனான். மலையடிவாரத்தில் பாரஸ்டுக்காரர்கள் அந்தப் பையன்களைப் பிடித்து, வேலூர் ஜெயிலில் போட்டார்கள். அதன்பிறகு அந்த ஆள் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

ஐந்தாம் நாள் மகளுக்கு வலி என்று ஆள் வந்தது. நான் போகவில்லை. பேரன் பிறந்த நாலாம் நாள்தான் முகம் பார்த்தேன். மகள் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. எதற்குக் காப்புக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் அவள் தம்பி காதுக்குப் போய்விடும், சொல்லவில்லை.

"பதினாறு வயசுலயே எனக்குக் காப்புக் கட்டுனாங்க" என்று மகன் இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான். சொல்லட்டும்.

நான் எழுத்துக் கூட்டி எழுதினது இவ்வளவுதான். பேத்தி, எங்கே, படித்துக் காட்டு. குரலத் தாழ்த்திப் படிடி, உங்கப்பன் வாசல்ல உக்காந்துக்கினு இருக்கான்.