பூட்டி வைத்த பீங்கான்

என் ஆச்சி, அதாவது மூத்த சகோதரி, ரங்கூனிலிருந்து திரும்பியது அறுபதுகளின் நடுவில். கடை, வீடு எல்லாம் பறிபோய், இறந்த கணவரையும் அங்கேயே எரித்துவிட்டு, ஒரே பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கினாள். அவளிடம் எங்கள் உறவுக்கூட்டம் கேட்ட முதல் கேள்வி, நகைகள் பத்திரமா என்பதுதான். விசாரிப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்காவது கதவைப் படீரென்று சாத்தினால் ஆச்சிக்கு உடம்பெல்லாம் நடுங்கும். அதுவே கோபமாக மாறும். கையில் அகப்பட்ட பீங்கான் தட்டைத் தரையில் அடிப்பாள். பிறகு அழுவாள், ஓய்வாள், எங்களோடு சாப்பிட உட்காருவாள்.

உடைந்ததெல்லாம் என் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த பீங்கான். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கல்யாணத்தன்று வளவு முற்றம் நிறையப் பரப்பிக் காட்டுவது எங்கள் பெருமை. தட்டு குறைந்தால் கொத்தமங்கலத்துச் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? என்னைப் பெற்ற ஆத்தாவும் அப்பச்சியும் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். சாமான்களை அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவி என் இடுப்பில். எனக்கும் அதில் ஏக சந்தோஷம், வெட்கங்கெட்டவள்.

வீடு அமைதியானது. "இப்ப எம்புட்டு அடக்கமா இருக்கா பாத்தீகளா" என்று அயித்தை மெச்சினாள். சித்திரை வெயிலில் ஆச்சி மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தது அந்த மெச்சுகிற கண்ணில் படவில்லை.

ஒருநாள் கிணற்றடியில் அவள் ரவிக்கைக் கையை மடித்துவிட்டுத் துவைத்தபோது பார்த்தேன். முன்கை முழுக்கக் காயம். ஆறியதும் இருந்தது, ஆறாததும் இருந்தது. தட்டின் மேல் இறங்கிய கோபம், நாங்கள் பூட்டிய நாளிலிருந்து அவள் மேலேயே இறங்கியிருக்கிறது.

"என்ன ஆச்சி இது?"

"ஒரு நாளைக்குச் செத்துப்போயிருவேனோன்னு எனக்கே பயமா இருக்கு" என்றாள்.

ஓடிப்போய் அறையைத் திறந்து ஒரு தட்டை எடுத்து வந்து நீட்டினேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவள் வாங்கிக் கல்லின் மேல் வைத்தாள். "தட்டு எதுக்கு? வந்ததுலருந்து எம்பக்கத்துல ஒருத்தரும் சும்மா உக்காரலையே."

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவள் அறையிலேயே படுத்தேன். மதுரையில் டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, சம்பந்தம் நின்றுபோகும் என்றார் அப்பச்சி. நிற்கட்டும் என்று நான் சாப்பிட மறுத்த மூன்றாம் நாள் மதுரைக்குப் போகக் கார் வந்தது.

என் கல்யாணத்தில் சாமான் பரப்பினார்கள். "ஒண்ணுகூட உடையாம வச்சிருக்கீகளே" என்று சம்பந்தி வீட்டார் ஆத்தாவிடம் சொன்னார்கள். கைம்பெண் முன்னால் வரக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட ஆச்சி, நீளக் கை ரவிக்கையோடு தூணோரம் உயிரோடு நின்றாள். அவளை ஒருவரும் பார்க்கவில்லை.