பின்சீட்டில் மூன்று பேர்

ஜோகூர் மாசாயில் வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கும் லோஷினிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பிரீத்திக்கு ஆறு வயது. இன்னும் ஒன்று போதும் என்று நினைத்தபோது இரட்டைப் பையன்கள் பிறந்தார்கள். அவர்களுக்கு இப்போது இரண்டு வயது. லோஷினிக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கணவன் ஹேமநாதன் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையை மேற்பார்வை செய்துவிட்டு வருபவன்.

அவர்களுடைய சின்னக் காரின் பின்சீட்டில் குழந்தை இருக்கைகள் இரண்டுதான் கொள்ளும். எங்கே போனாலும் குடும்பம் இரண்டாகப் பிரிந்துதான் போகும். லோஷினி இரட்டையர்களைக் காரில் வைத்து ஓட்டுவாள். பிரீத்தி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அப்பாவின் பின்னால் மோட்டாரில் வருவாள். மழை பிடித்துக்கொண்டால் கல்யாண வீட்டுக்குப் பாதிக் குடும்பம் நனைந்தபடி போய்ச் சேரும்.

“இனிமே முடியாதுங்க, பெரிய காடி ஒன்னு பாத்துடலாம்” என்று முதலில் சொன்னது லோஷினிதான். அவள் நினைத்தது வேன் மாதிரி ஒரு சாதாரணக் கார். ஹேமநாதன் காதில் விழுந்தது வேறு. சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே பாலத்தில், மோட்டார் பாதையில் மழைக்கோட்டோடு நிற்கும்போதெல்லாம் பக்கத்துப் பாதையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்கும் உயரமான ஜெர்மன் கார்களை அவன் பல வருஷமாகப் பார்த்து வந்திருக்கிறான். புதிதாக வாங்க வழியில்லை. பழையதாக வாங்கலாமே என்றான். அவன் முகத்தைப் பார்த்த லோஷினிக்கு மறுக்க மனம் வரவில்லை. பிறகு அதற்காகப் பலமுறை தன்னையே நொந்துகொண்டாள்.

சனிக்கிழமைகள் எல்லாம் தெப்ராவ் பக்கத்துப் பழைய கார் கடைகளில் கழிந்தன. பிள்ளைகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, பிரீத்தியுடையதையும் சேர்த்து மூன்று குழந்தை இருக்கைகளையும் கையோடு எடுத்துப் போவாள் லோஷினி. கடைக்காரர்கள் அவளையும் அந்த இருக்கைகளையும் பார்த்துவிட்டு, ஹேமநாதனிடம் பேசத் தொடங்குவார்கள். கூரை திறக்குமாம். சீட்டு சூடாகுமாம்.

“ஜோகூர் வெயில்ல சீட்டு சூடாகி என்ன செய்யப் போறோம்?” என்று அவள் கேட்டாள்.

முதல் காரில் பின்சீட்டின் நடுப்பகுதி மேடு தட்டியிருந்தது. இருபுறமும் இருக்கைகளை மாட்டினால், நடுவில் ஒரு கைப்பை வைக்கத்தான் இடம் இருந்தது. இன்னொன்று ஏழு பேர் உட்காரும் கார். ஆனால் நடுவரிசையை மடக்கினால்தான் கடைசி வரிசைக்குப் போக முடியும். குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் நடுவரிசை மடங்காது.

“பாப்பா பின்னால பூட் வழியா ஏறிக்கட்டும்லா, பசங்களுக்கு அது ஜாலிதானே” என்றான் அந்தக் கடைப் பையன்.

“அவ ஸ்கூல் பேக்கோட ஏறணும் தம்பி. நீ ஏறிக் காட்டு, பாப்போம்.”

அவன் ஏறவில்லை. ஹேமநாதன் அவள் கையைத் தொட்டு, “சத்தம் போடாத லோஷி” என்றான்.

கடைசியில் ரூபேந்திரன் என்பவரின் கடையில் ஒரு கறுப்புக் கார் ஹேமநாதனுக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்பது சின்ன வார்த்தை. அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். போனில் படம் பிடித்து, வேலையிடத்து நண்பர்களுக்கு உடனே அனுப்பினான். லோஷினி பின்னால் ஏறி இருக்கைகளை வைத்துப் பார்த்தாள். நெருக்கித் தள்ளியதில் மூன்றும் உட்கார்ந்துவிட்டன. அப்பாடா என்றிருந்தது. பிரீத்தியின் இருக்கையைக் கட்டுவதற்காகப் பெல்ட்டை இழுத்தாள். எட்டவில்லை, இன்னும் இழுத்தாள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதி வெளியே வந்தது. அதில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. விரலால் தேய்த்தாள். பொடியாக உதிர்ந்தது.

“இது வெள்ளத்துல நின்ன காடி” என்றாள்.

“அக்கா, சும்மா இருங்க கா, யாராவது பிள்ளை மைலோ ஊத்தியிருக்கும்” என்று ரூபேந்திரன் சிரித்தார்.

“மைலோ பெல்ட் உள்ளுக்குள்ள எப்படிப் போகும்? மிதியடியைத் தூக்குங்க, அடியில சேறு இருக்கான்னு பாக்கலாம்.”

அவர் மிதியடியைத் தூக்கவில்லை. ஹேமநாதன் பக்கம் திரும்பினார். “பாஸ், நீங்க சொல்லுங்க. இன்னிக்கே இன்னொருத்தர் பார்க்க வர்றாரு.”

ஹேமநாதன் காரின் கதவைத் தடவியபடி நின்றான். லோஷினி இருக்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தங்கள் காரில் ஏற்றினாள். வெயிலில் கழுத்தெல்லாம் வேர்த்து ஒழுகியது. உதவிக்குக்கூட அவன் வராதது எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவன் வாயைத் திறந்தான். “குறை கண்டுபிடிக்கணும்னு உக்காந்தா எந்தக் காடியிலயும் ஒரு குறை கிடைக்கும்.”

“நடு ரோட்டுல மூனு பிள்ளைங்களோட நின்னு போனா, அப்ப உங்க ஃபிரெண்டுங்க வந்து தள்ளுவாங்களா?”

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பேச்சு சாப்பாட்டைப் பற்றியும் டயப்பரைப் பற்றியும் மட்டும்தான். நடுவில் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஹேமநாதன் தனியாக அந்தக் கடைக்குப் போயிருக்கிறான். அவனே மிதியடியைத் தூக்கிப் பார்த்தானாம். வீட்டுக்கு வந்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “அது வேணாம்” என்றான். மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. லோஷினியும் எதிர்பார்க்கவில்லை, கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதைத் தவிர.

இன்னும் சில வாரங்கள் அலைந்த பிறகு, கடைகளையெல்லாம் விட்டுவிட்டு, நேரடியாக விற்பவர்களிடம் பார்க்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு சீன டாக்டரம்மா, பிரவுன் நிற ஐரோப்பியக் கார் ஒன்றை விற்கிறார் என்று தெரிந்தது. நடுவரிசையில் மூன்றும் தனித்தனி சீட்டுகள். பழுதுபார்த்த விவரங்களை அவரே எடுத்துக் காட்டினார். பெல்ட்டுகளை லோஷினி கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். மூன்று இருக்கைகளும் ‘டக் டக்’ என்று மாட்டிக்கொண்டன.

“பிரவுனா?” என்றான் ஹேமநாதன்.

“பிரவுன்தான்” என்றாள் அவள்.

வாங்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் ஹேமநாதன் மெதுவாக உள்ளே ஓட்டினான். முன்பக்கம் சுவரைத் தொடும் அளவுக்குப் போயும், பின்பக்கம் இரும்புக் கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கேட் மூடவில்லை. லோஷினி இறங்கிப் பார்த்தாள். எத்தனை கார்களின் சீட்டை அவள் அளந்திருப்பாள்! தன் வீட்டு முற்றத்தை அளக்கத் தோன்றவில்லையே.

பக்கத்து வீட்டு ஐயாசாமி வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “அலமாக்! கப்பல் வாங்கிட்டீங்களா தம்பி? என் வாசலை மறைக்காம பாத்துக்குங்க.”

ஹேமநாதன் அவளைப் பார்த்தான். நன்றாகச் சொல்லிக் காட்டுவான், தனக்கும் அது வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள். அவனோ, “நானும் அளக்கலையே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இறக்கினான்.

கேட்டைக் கழற்றி, சற்று வெளியே தள்ளி மடக்குக் கேட்டாக மாற்ற வெல்டரிடம் சொன்னார்கள். புதியதோடு சனிக்கிழமை வருகிறேன் என்றவர் பழைய கேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதோடு சரி. கேட்டே இல்லாத வீட்டைத் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு, மறுவாரம் தங்காக்கில் இருக்கும் லோஷினியின் அம்மா வீட்டுக்கு ஐந்து பேரும் முதல்முறையாக ஒரே வண்டியில் நெடுந்தூரம் கிளம்பினார்கள். மழை கொட்டியது. யாரும் நனையவில்லை. ஹேமநாதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

வழியில் யோங் பெங் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அலறல் கேட்டது.

“அம்மா! தம்பி என் கையைக் கடிக்கிறான்!”

லோஷினி திரும்பிப் பார்த்தாள். மூன்று இருக்கைகளும், அவள் ஆசைப்பட்டபடியே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன.