மறைப்பு இல்லாத கடை

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வெங்கடாசலத்துக்கு எண்பதாவது பிறந்தநாள் விழா எடுத்தார்கள். வெங்கடாசலம் என்றால் வியாபாரிகள் சங்கத்தின் பழைய தலைவர். அரிசி மில் அவருடையது. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வரிசையாக இருக்கிற கடைகளும் அவருடையவை. மேடையில் மைக்கைப் பிடித்த மாதவராஜ், "நம்ம ஊருப் பொண்ணுங்களுக்கு இன்டர்நெட்டுக் கதவத் தொறந்து வுட்டவரே நம்ம தலைவருதான்" என்றான். கூட்டம் கை தட்டியது. நான் கையிலிருந்த கேசரியை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

எனக்கு அந்த வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடை. இந்த ஊர்க்காரர்களின் ஜாதகம், பத்திரம், கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் என் மெஷினுக்குள் படுத்து எழுந்து போனவை. அதனால் ஊரைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை எதுவும் எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் இப்படி வாய் கூசாமல் பேசுவார்கள் என்று நினைக்கவில்லை. கதவைத் திறந்தது யார் என்று எனக்குத் தெரியும். அவள் மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பெயர் அருள்ராணி. பக்கத்துக் கிராமத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்த யாகப்பனின் மகள். மழை பெய்தால் அந்தக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குக் கேழ்வரகு, அவரை. பெய்யாவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலை. அருள்ராணி தர்மபுரியில் கம்ப்யூட்டர் படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கல்யாணமான பிறகு, கணவன் ஜோசப் ராஜ் பஸ்ஸில் கண்டக்டராகப் போய்வர, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் என் கடைக்குப் பக்கத்துக் கடையை வெங்கடாசலத்திடம் வாடகைக்கு எடுத்தாள். அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். ஊரில் முதல் பிரவுசிங் சென்டர் அதுதான்.

திறப்பு நாளில் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். கீபோர்டில் விழுந்த துளிகளை அவள் முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள். என் பங்குக்கு நான் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குச் சந்தனம் வைத்தேன். சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அருள்ராணி சி.டி.யைப் போட்டு பிரவுசரை ஏற்றினாள். மோடத்தில் டெலிபோன் ஒயரைச் செருகினாள். கீச்சென்றது, கர்ரென்றது, ஒரு மாதிரி ஊளையிட்டது, அப்புறம் செத்துப்போனது. திரும்பத் திரும்ப இதே கூத்து. சாமியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

லைன்மேன் மாது வந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனவர், அது இரண்டாகப் பிரிந்து பக்கத்து டீக்கடைக்குள் நுழைவதைக் கண்டுபிடித்தார். முன்பு கடை வைத்திருந்தவன் இழுத்துக் கொடுத்த இன்னொரு போன். டீக்கடைக்காரர் அதை எடுத்து எடுத்து, "அலோ, யாருங்க பேசறது, ஒரே எரைச்சலா இருக்குது" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இன்டர்நெட் பதில் சொல்லாததில் அவருக்குக் கோபம் வேறு. மாது அந்த ஒயரை வெட்டிய பிறகுதான் லைன் அறுபடாமல் நின்றது.

முதலில் திறந்தது வானிலைப் பக்கம். ஒரு மேகப் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கி வந்தது. யாகப்பன் மகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"மழ வருமான்னு கேளு."

"வராதாம்ப்பா."

"இதச் சொல்றதுக்கா இத்தினி ஒயரு?" என்று சொல்லிவிட்டு வெளியே போய் பீடி பற்ற வைத்தார். ஆனால் அன்று முழுவதும் கடையை விட்டு நகரவில்லை.

வாசலில் அவள் ஒரு பலகை மாட்டினாள்: செருப்பை வெளியே விடவும். இதற்கு யாரும் முணுமுணுக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு அப்போது சாமி மரியாதை. அழுக்குக் காலோடு கூழ் குடிக்கிறவன்கூட அதன் முன்னால் காலைத் துடைத்துக்கொண்டு போவான். முணுமுணுத்தது வேறொன்றுக்கு. மூன்று கம்ப்யூட்டர்களையும் அவள் திரை வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். ரோட்டில் போகிறவர்களுக்கு உள்ளே யார் என்ன பார்க்கிறார்கள் என்று தெரியும். பிளைவுட் தடுப்பு இல்லை, திரைச்சீலை இல்லை.

வெள்ளைவேட்டிக்காரர்கள் வருவார்கள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பார்கள்.

"ஏம்மா, மறப்பு ஒண்ணும் போடலயா?"

"எதுக்குங்க மறப்பு? மெயிலு அனுப்பறதுக்கா?"

"இல்ல, தர்மபுரில எல்லாம் போட்டுருக்கறாங்களே."

"இங்க போடலங்க."

வந்த வழியே போய்விடுவார்கள். எத்தனை பேர் அப்படிப் போனார்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும். கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, எல்லாக் கமிட்டியும் போனது.

ஆனால் அந்த மறைப்பில்லாத கடைக்குத்தான் பெண்பிள்ளைகள் வந்தார்கள். தகப்பன்மார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே மகளைப் பார்த்துக்கொள்ளலாம். நர்சிங் காலேஜ் எங்கே இருக்கிறது, டீச்சர் டிரெய்னிங்குக்கு எப்போது விண்ணப்பம், ரிசல்ட் என்ன, எல்லாம் அங்கேயே. அருள்ராணி எலியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பாள். "பயப்படாத புள்ள, கடிக்காது" என்பாள்.

அப்போதுதான் மாதவராஜ் எதிர்ச் சாரியில் மாடியில் ஒரு சென்டர் திறந்தான். ஆறு அறை, ஆறுக்கும் ரோஸ் நிறத் திரை. கமிட்டிக்காரர்கள் வரிசையில் நின்று கொண்டாடினார்கள். ஒரு முறை என் மெஷினுக்கு மை வாங்க அங்கே ஏறிப் போனேன். கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம்: வேர்வை, பான் மசாலா, மூடிய அறையின் புழுக்கம். கீபோர்டில் விரல் ஒட்டியது. திரைச்சீலையின் கீழ்விளிம்பில் எச்சில் துடைத்த கறை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிற சத்தம். மை வாங்காமலே இறங்கி வந்து, கடைக் குழாயில் முழங்கை வரைக்கும் கழுவினேன்.

ஒரு நாள் அங்கே பள்ளிக்கூடப் பையன்களை ஒரு தகப்பன் பிடித்துவிட்டான். நடுரோட்டில் அடி உதை. ஊர் கொதித்தது. சங்கம் கூடியது. வெங்கடாசலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒழுக்கத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். முடிவு என்ன தெரியுமா? பெண்பிள்ளைகள் இனி எந்தக் கம்ப்யூட்டர் கடைக்கும் போகக் கூடாது. மாதவராஜ் கடையை என்ன செய்வது என்று நான் எழுந்து கேட்டேன்.

"ஆம்பளப் பசங்க அப்படி இப்படித்தான் இருப்பாங்க. பொம்பளப் புள்ள கெட்டா குடும்பமே போச்சுங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது என்று படித்திருக்கிறேன். அன்றுதான் ஓநாயைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னார்கள். அருள்ராணி கடை வெறிச்சோடியது. வெங்கடாசலம் மில்லிலிருந்து ஆள் அனுப்பினார். யாரும் வராத கடை எதற்கு, மாதம் முடிந்ததும் காலி செய்து கொடுத்துவிடு, வேறு ஆள் கேட்கிறான் என்று. கோர்ஸ் படித்ததிலிருந்து அவள் பார்த்துப் பார்த்துக் கட்டியது அந்த ஒரு கடைதான். அதை அவளிடமிருந்து பிடுங்கும் வேலையை ஒழுக்கம் என்று பெயர் வைத்துச் செய்தார்கள்.

மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட் என்கிற சமயத்தில் சந்தை நாள் வந்தது. முந்தின வருஷம் இதே சந்தையில் தகப்பன்மார் வரிசையில் நின்று மகள்களின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் கடையை எட்டிப் பார்த்துவிட்டு, தக்காளிக் கூடையைத் தோள்மாற்றி வைத்துக்கொண்டு நடந்தார்கள். பெரியண்ணன் என்ற விவசாயி தன் மகள் சுகுணாவோடு என் கடை நிழலில் நின்றார். அந்தப் பெண்ணுக்கு உள்ளே போக ஆசை. கண்ணிலேயே தெரிந்தது. அவர், "சங்கத்துல வேணாம்னு சொல்லிட்டாங்களே கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அருள்ராணிக்கு லைன் செத்துப்போனது. தன் லைன் மட்டுமா, எல்லார் லைனுமா என்று விசாரிக்க எதிர் மாடிக்குப் போனாள். போனவள் சீக்கிரமே திரும்பினாள். கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். யாரையும் பார்க்காமல் தன் கடை வாசலில் குனிந்து, பொட்டலத்தைப் பிரித்து, ஒரு ஜோடி செருப்பைப் பலகைக்குக் கீழே, பார்வையாக, சேர்த்து வைத்தாள். தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அந்தச் செருப்பை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. டயர் வைத்துத் தைத்த தடித் தோல் செருப்பு. வலது காலில் எலும்பு துருத்திக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் தோலை வட்டமாக வெட்டியிருக்கும். கல்யாண வீட்டு வாசலில் அதைப் பார்த்துத்தான் தலைவர் வந்துவிட்டார் என்று பந்தி போடுவார்கள். மாதவராஜ் கடையிலும் செருப்பை வெளியேதான் விட வேண்டும். சந்தைக் கூட்டத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று பெரியவர் மாடி ஏறியிருக்கிறார். ஒழுக்கத்தைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோகிற ஆளுக்கும் கம்ப்யூட்டர் முன்னால் செருப்பைக் கழற்றாமல் போக மனசு வரவில்லை.

பெரியண்ணன்தான் முதலில் பார்த்தார்.

"ஏங்க, இது தலைவர் செருப்பாட்டம் இருக்குதே?"

"அவரு செருப்புதானுங்க" என்றாள் அருள்ராணி.

"அப்ப தலைவரே வந்துருக்கறாரா? பக்கத்துல எங்கியாச்சும் போயிருப்பாரு. நீ போ கண்ணு, உள்ள போ."

சுகுணா செருப்பைக் கழற்றி, அந்தப் பெரிய செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அதைப் பார்த்து இன்னொரு தகப்பன். அப்புறம் இரண்டு அக்கா தங்கைகள். லைன் வந்தபோது வாசல் முழுக்கச் செருப்பு.

வெங்கடாசலம் எதிர் மாடிப் படியில் தோன்றினார். சித்திரை வெயில். தார் ரோடு கொதித்தது. வெறுங்காலோடு குதித்துக் குதித்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். எங்கே தொலைத்தேன் என்று யாரிடமும் கேட்க முடியாத இழப்பு. இந்தப் பக்கம் வந்ததும் செருப்பைப் பார்த்தார். செருப்பைச் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார். அப்புறம் அருள்ராணியை.

"வாங்க தலைவரே. இந்த வெயில்ல வெறுங்காலோட எங்க போயிட்டு வரீங்க?" என்றாள்.

நான் என் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"டீ சொல்லலாம்னு போனேன்" என்றார்.

"டீக்கடை இந்தப் பக்கம் இருக்குதுங்களே" என்றேன் நான். என்னால் அடக்க முடியவில்லை.

அவர் என்னைப் பார்க்காமல் அத்தனை பேருக்கும் டீ சொன்னார். உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அருள்ராணி அவருக்கு வானிலைப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் பெரியண்ணனைப் பார்த்து, "எல்லாம் வெளியில தெரியற மாதிரிதான் வெச்சிருக்குது இந்தப் பொண்ணு. நம்ம புள்ளைங்க இங்க வரலாம், நான் சொல்றேன்" என்றார். அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது. கேட்டவர்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கடை கொள்ளவில்லை. சுகுணா பாஸ். இன்று கிருஷ்ணகிரியில் நர்சாக இருக்கிறாள். காலி செய்யச் சொன்ன பேச்சு அதோடு நின்றது.

நான் அன்றைக்கே அருள்ராணியிடம் சண்டை போட்டேன். வெங்கடாசலத்தை நாலு பேர் முன்னால் நாற அடித்திருக்கலாமே என்று.

"அடிச்சிருந்தா அவருக்கு ஒரு நாள் அவமானம்ண்ணா. அதுக்கப்புறம் எந்த அப்பன் பொண்ண உள்ள வுட்டுருப்பான்? நெட்டுன்னாலே இதான்னு சொல்லிருப்பாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

இப்போது எல்லார் கையிலும் போன். திரைச்சீலைக்கு வேலை இல்லை. சங்கத்து வாட்ஸப் குரூப்பில் காலையில் முருகன் படம் அனுப்புகிற அதே கை, என்னென்ன கண்றாவியை அனுப்புகிறது என்று சொன்னால் நாக்கு அழுகும். அருள்ராணி அதே கடையில் ஆதார், பட்டா, விண்ணப்பம் எல்லாம் போட்டுக் கொடுக்கிறாள். கம்ப்யூட்டர் திரை இன்னும் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. கட்டடம் இன்னும் வெங்கடாசலத்துடையது.

அதனால்தான் விழாவில் மாதவராஜ் அவள் பெயரைக் கூப்பிட்டு, தலைவருக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னபோது அவள் எழுந்து போனாள். போர்த்தினாள். கிழவர் போட்டோவுக்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எம் பொண்ணு மாதிரி" என்று மைக்கில் சொன்னார். மறுபடி கை தட்டல்.

நான் வெளியே வந்து மண்டபத்துக்குப் பின்னால் துப்பப் போனேன். குழாயடியில் அருள்ராணி நின்றிருந்தாள். கையில் சோப்பு. நுரை மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"போதும் வா அருளு" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கி அந்தச் செருப்பத் தூக்கிட்டு வந்து கையக் கழுவுனேன்ல, அது ஒரே கழுவுல போயிடுச்சுண்ணா" என்றாள்.